எனக்குத் தராத வெட்டு

இன்று காலை செந்தில் தன் மரவாளை உறையிலிருந்து எடுத்தபோது நல்லெண்ணெய் மணந்தது. ஜப்பானிய மரவாளுக்கு நல்லெண்ணெய் பூசுகிறவன் இந்த டொரொண்டோவில் நீ ஒருவன்தான் இருந்தாய். நம் வாள்வித்தை ஆசிரியை முகம் சுளித்தபோது, "மரத்துக்கென்ன தெரியும், அது ஜப்பான் எண்ணெயோ யாழ்ப்பாணத்து எண்ணெயோ எண்டு" என்று என் காதில் சொன்னாய். அந்தப் பழக்கத்தையும் அவனுக்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நீ இறந்த பிறகு உனக்கு நான் எழுதுவது இதுவே முதல் தடவை. துக்கத்தால் எழுதவில்லை. அதை மற்றவர்கள் முறையாகச் செய்து முடித்துவிட்டார்கள்.

டோர்செட் பார்க்கில் வாடகைக்கு எடுத்த பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்த வாள் வகுப்பில் நாம் ஒரே குளிர்காலத்தில் சேர்ந்தோம். நீ ஒரு வாரம் முந்திச் சேர்ந்ததால் என்னைவிட மூத்தவன். அந்த ஒரு வாரமே எல்லாவற்றையும் தீர்மானித்தது. இணைப் பயிற்சியில் மூத்தவர் வெட்ட வருவார். இளையவர் விலகி, அந்த வாளை அடக்கி, வெல்வார். தோற்பதுதான் மூத்தவரின் கடமை. ஆனால் வெட்டு உண்மையானதாக இருக்கவேண்டும். எதிரில் நிற்பவர் விலகாவிட்டால் நெற்றியில் விழக்கூடியதாக இருக்கவேண்டும்.

நீ ஒருபோதும் எனக்குப் பொய்யாக வெட்டியதில்லை. தொடக்கத்தில் நான் பயந்து முன்னதாகவே விலகியபோது வாளைத் தாழ்த்திக்கொண்டு நின்றாய். "மச்சான், நான் இன்னும் வெட்டவே இல்லை. நீ ஆருக்குத் தப்பி ஓடுறாய்?" இன்னொரு நாள், களைப்பாக இருக்கிறது, மெதுவாக வா என்று கேட்டேன். "மெதுவா வந்தால் அது கோலாட்டம். அதுக்கு நீ பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வா" என்றாய். என்னை அவ்வளவு முழுக் கவனத்துடன் பார்த்தவர் வேறு எவரும் இல்லை. என் மனைவியையும் சேர்த்தே சொல்கிறேன்.

பிறகு செந்தில் வந்தான். தமிழ்நாட்டுக்காரன், மிசிசாகாவில் கணினி வேலை, நாற்பதைக் கடந்தவன், பணிவானவன். பணிவானவர்களை வெறுப்பது கடினம். நான் முயன்று வெற்றி கண்டேன். கடைசி வருடம் நீ ஞாயிறு வகுப்புக்கு வராமல் விட்டாய். ஓவர்டைம் என்றாய். பிறகு முதுகுப் பிடிப்பு என்றாய். நம்பினேன்.

உன் இறுதிச் சடங்கு மண்டபத்தின் வாசலில், சப்பாத்துகளைத் தேடிக்கொண்டிருந்தபோது, செந்தில்தான் சொன்னான். நோய் உன் தோளில் தொடங்கியதை, புதன்கிழமைகளில் உன் அடுக்குமாடியின் பார்ட்டி ரூமில் நீங்கள் இருவரும் பயிற்சி செய்ததை, வாள் உன் தலைக்கு மேல் ஏற மறுத்ததை. என்னை ஏன் அழைக்கவில்லை என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன் சார். 'இந்த வெட்டை அவனுக்குக் குடுக்கேலாது'ன்னுட்டார்."

அதை நீ என்மேல் வைத்திருந்த மரியாதை என்று விளக்க முற்பட்டான். தடுத்துவிட்டேன். இத்தனை வருடம் உன் பலமான வெட்டுகளுக்கு நெற்றியைக் கொடுத்தவன் நான். தளர்ந்தவையும் எனக்கே உரியவை. நான் எதைப் பார்க்கலாம் என்பதை நீ தனியே முடிவுசெய்தாய். மிஞ்சியிருந்ததை, எல்லாவற்றிலும் அரியதை, நேற்று வந்தவனுக்குக் கொடுத்தாய்.

இன்று ஆசிரியை எங்கள் இருவரையும் இணையாக நிறுத்தினார். இப்போது மூத்தவன் நான்; தோற்கவேண்டியவனும் நான். உண்மையாகவே வெட்டினேன். அதற்குத் தேவையான வெறுப்பு கைவசம் இருந்தது. அவன் விலகவில்லை. என் வாள் அவன் நெற்றிக்கு மயிரிழை முன்னால் நின்றது. மறுபடியும் அப்படியே. அவன் அஞ்சவில்லை, அசட்டையாகவும் இல்லை. காத்திருந்தான்.

"மன்னிச்சிடுங்க சார். அவர் வாள் வர இன்னும் கொஞ்சம் நேரமாகும். உடம்பு அதுக்கே பழகிடுச்சு."

அவன் காத்திருந்த அந்த இடைவெளி உன்னுடையது. எவ்வளவு தளர்ந்திருந்தாய் என்பதை என்னிடமிருந்து மறைத்தாய். அவன் உடம்பில் அதை அழிக்க மறந்துவிட்டாய். அடுத்த தடவை, அவன் விலகும் கணம்வரை என் வாளைத் தாமதப்படுத்தினேன். சரியாகப் பொருந்தியது.

மூத்தவன் என்ற முறையில் அவனுடைய தாமதத்தைத் திருத்துவது என் கடமை. சில மாதங்கள் உரிய வேகத்தில் வெட்டினால் அது போய்விடும். நான் திருத்தப்போவதில்லை. அவன் கற்காமலே இருக்கட்டும். ஞாயிறுதோறும் உன் வேகத்திலேயே வெட்டுவேன். இப்போது எழுதும்போதும் தோள் கடுக்கிறது. மெதுவாக இறக்கும்போதுதான் வாளின் முழுப் பாரமும் கைக்குத் தெரிகிறது என்பதை நீ எனக்குச் சொல்லவேயில்லை.