வாடாமல்லிப் பட்டு

புனே

அன்பு மனைவி தேவிக்கு,

நான் நலம். ஆரணியில் மழை உண்டா? உன் முதுகுவலி தேவலையா? தறியில் அதிக நேரம் உட்காராதே.

ஒரு சங்கதி, பயப்படாதே. ஞாயிறன்று தனியாக இருந்தபோது, நீ ஆசையாகக் கொடுத்தனுப்பிய வாடாமல்லிப் பட்டைக் கட்டி, கண்ணுக்கு மையிட்டு நின்றேன். அறையில் உடன் தங்கியிருக்கும் சேத்துப்பட்டு ஜெகநாதன் அண்ணன் திடீரென்று உள்ளே வந்துவிட்டார். சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மேலும் கீழும் பார்த்தார். "இன்னாப்பா, கொசுவம் கோணலா கீது? திரும்பு, நான் புடிக்கிறேன்" என்று மண்டியிட்டார்.

"உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"எம் பொண்டாட்டிக்கு நான்தானே புடிப்பேன்!"

இருவரும் சிரித்துவிட்டோம். முதன்முதலாகப் புடவையோடு மொட்டைமாடிக்குப் போய் டீ குடித்தேன்.

தோள் அகலமாக ஒரு ரவிக்கை தைத்து அனுப்பு. பொட்டு அட்டையும் வை. நீ வைத்துவிடுகிற மாதிரி எனக்கு நடுவில் வைக்க வரவில்லை.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. அன்று நான் அழகாக இருந்தேன், தேவி.

உன்
எழிலரசன்