உன் வண்டியின் பின்சீட்டில்

இன்று காலை எர்ணாவூர் மேம்பாலத்தில் ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது. முன்னால் பாரம் ஏற்றிய டிரெய்லர் ஒன்று மேட்டில் ஏற முடியாமல் உறுமிக்கொண்டிருந்தது. அதன் அடியிலிருந்து க்ளட்ச் கருகும் வாடை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது, தம்பி. இன்னும் அந்த வாடை வந்தால் எனக்கு முதலில் வருவது துக்கம் இல்லை, பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அந்த வாடையோடுதான் வீட்டுக்கு வருவாய். வாரம் முழுக்க காசிமேட்டில் படகு இன்ஜின் பார்த்துவிட்டு டீசல் நாற்றத்தோடு வருகிறவன், அன்று மட்டும் வேறு மாதிரி மணப்பாய். ஏன் என்று நான் கேட்டதில்லை. நான் வேலை பார்க்கும் கண்டெய்னர் யார்டுக்கு வரும் லாரி டிரைவர் ஒருவர் ஒரு நாள் கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டுத் தன் போனை நீட்டினார்.

“யம்மா, இது உன் தம்பி தான? இன்னா வேல பண்ணிக்கினு கீறான் பாரு.”

வீடியோவில் மணலி புதுநகர் பக்கத்து அகலமான சாலை. உன் நானூறு சிசி பைக். நம் தெருவில் ஒருமுறை அது சாய்ந்தபோது தூக்கி நிறுத்த இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அதன் முன்சக்கரம் வானத்தைப் பார்த்துச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. நீ ஒற்றைச் சக்கரத்தில் போய்க்கொண்டே இருந்தாய். எதிரே தூரத்தில் ஒரு டிரெய்லர் வந்தது. அது நெருங்குவதற்குள் வீடியோ முடிந்துவிட்டது. அதற்கப்புறமும் நீ வீட்டுக்கு வந்து சோறு தின்றாய், எனக்குத் தெரியும். ஆனாலும் அதை என் போனுக்கு வாங்கி எத்தனை முறை பார்த்தேனோ, அத்தனை முறையும் டிரெய்லர் தெரியும் இடத்தில் மூச்சு நின்றது. அந்த வண்டிகளின் டிரைவர் சீட்டில் நான் ஏறிப் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியாது.

அன்று சாயங்காலம் உன்னைக் கேட்டேன்.

“விழுந்தா இன்னாடா பண்ணுவ?”

“விழ மாட்டேன் கா.”

சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாக விளக்கினாய். “க்ளட்ச்ச புடிச்சி, ரேஸ் குட்த்து, பட்டுனு வுட்டா முன்னாடி தூக்கும். ரொம்ப தூக்கிச்சினா பின் பிரேக்க லேசா மிதிக்கணும், எறங்கிடும். அந்தக் கால் மட்டும் பிரேக்க வுட்டு நவுரக் கூடாது. அவ்ளோதான்.”

அந்த ‘அவ்ளோதான்’ என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு பாதம் கொஞ்சம் நகர்ந்தால் நீ இல்லை. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் காது தெருவில்தான் இருக்கும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நின்று கேட்பேன். அம்மாவிடம் சொல்லவில்லை. ஒரு வீட்டில் பயப்பட ஒருத்தி போதும் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு ஞாயிறு, “நானும் வரேன்” என்றேன். வேடிக்கை பார்க்க வருகிறேன் என்று நினைத்துச் சந்தோஷமாகக் கூட்டிப்போனாய். உன் தோஸ்துகள் அங்கே காத்திருந்தார்கள். நீ எல்லோரிடமும் “எங்க அக்கா” என்று சொல்லிவிட்டுத் திரும்பியபோது நான் பின்சீட்டை விட்டு இறங்கியிருக்கவில்லை.

“இப்ப தூக்கு,” என்றேன்.

“யக்கா, வெளாடாத. எறங்கு.”

“நீதான் விழ மாட்டியே.”

“பின்னாடி ஆள் இருந்தா வெயிட்டுக்குச் சட்டுனு மல்லாக்கக் கவுந்துக்கும் கா. புரிஞ்சுக்க.”

“கவுந்தா ரெண்டு பேரும் கவுந்துக்குவோம். தூக்கு.”

யாரோ சிரித்தார்கள். அது உனக்குக் கோபத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. நான் உன் நெஞ்சைச் சுற்றிக் கையைக் கோத்துக்கொண்டேன். இன்ஜின் அலறியது. சட்டென்று எனக்கு அடியிலிருந்த சீட் சரிந்தது. உன் தோளுக்கு மேல் தெரிந்த சாலை காணாமல்போய், வெறும் வெளுத்த வானம் இருந்தது. என் உடம்பு பின்னால் வழுக்கியது. அடுத்த நொடி முன்சக்கரம் ‘டம்’மென்று தரையில் விழுந்தது. நீ பிரேக்கை மிதித்திருந்தாய். வண்டி ஓரமாக ஓடி நின்றது.

நீ திரும்பவில்லை. நானும் கையை எடுக்கவில்லை. உள்ளங்கையில் உன் நெஞ்சு அடித்த அடியில் என் கையே தூக்கித் தூக்கிப் போட்டது. எனக்காகப் பயந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

“இன்னிக்கி மட்டும் இல்ல கா,” என்றாய், நான் கேட்காமலே. “ஒவ்வொரு வாட்டியும் இப்டித்தான் அடிச்சிக்கும். பயமாத்தான் கீது.”

“அப்புறம் ஏன்டா நைனா?”

“எறங்கனதுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் எதுக்குமே பயமா இருக்காது கா. எதுக்குமே. அதுக்காவத்தான்.”

எனக்கு அது அன்று புரியவில்லை. நீ அடியோடு விடவும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் போகும்முன் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாய். முடிந்ததும் போன் பண்ணி, “எறங்கிட்டேன் கா,” என்பாய். அதோடு வைத்துவிடுவாய். அந்த ஒரு சொல்லுக்காக ஞாயிறு முழுக்க போனைக் கீழே வைக்காமல் இருந்தேன்.

அப்புறம் அந்த மழை வந்தது. சடையங்குப்பத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்று நம் மீனவக் குப்பத்திலிருந்து படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இன்ஜின் பார்க்க ஆள் வேண்டும் என்று உன்னையும் கூப்பிட்டார்கள். கிழவிகளையும் குழந்தைகளையும் படகில் உட்காரவைத்து, குப்பை சிக்கி இன்ஜின் நின்ற இடங்களிலெல்லாம் மார்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினாயாம். உன் வண்டி தார்ப்பாய் போர்த்தி நம் வாசலில் நின்றது. நீ அதில் இல்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. வெகுகாலத்துக்கு அப்புறம் நான் நிம்மதியாகத் தூங்கியது அந்த நாட்களில்தான்.

குதிகாலில் ஒரு வெட்டோடு திரும்பி வந்தாய். தண்ணீர் வடிந்த பிறகு காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாய். கண் மஞ்சளானதும்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எலிக்காய்ச்சல், வெள்ளத் தண்ணீரில் நின்றதால் வந்தது, கிட்னி வரைக்கும் போய்விட்டது என்றார் டாக்டர். எனக்கு அவர் வேறு யாரைப் பற்றியோ பேசுவதுபோல் இருந்தது. நான் சாலையை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

வார்டில் உன் குரல் போய்விட்டிருந்தது. நான் குனிந்துதான் கேட்டேன்.

“வண்டி பேட்டரி எறங்கிடும் கா. வாரத்துக்கு ஒரு வாட்டி ஸ்டார்ட் பண்ணி வையி.”

“நீயே வந்து பண்ணு.”

“பண்ணுக்கா. முன் வீலுலாம் தூக்காது, பயப்படாத.”

அடக்கத்துக்கு அப்புறம் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்கள்: “வண்டியிலயா?” இல்லை, காய்ச்சல் என்றேன். பாதிப் பேர் நம்பவில்லை. நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்தார்கள். உன் வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை என்று கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்போல் இருந்தது. காட்டவில்லை.

பேட்டரி இன்னும் இறங்கவில்லை. முதலில் ஸ்டார்ட் மட்டும்தான் பண்ணினேன். பிறகு யார்டில் ஒருவரிடம் கேட்டுப் பழகி, ஞாயிறு காலையில் ஃபர்ஸ்ட் கியரில் தெருமுனை வரை போய்த் திரும்புகிறேன். க்ளட்ச்சை விடும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. திரும்பி வந்து இறங்கியதும், நீ சொன்ன அந்தக் கொஞ்ச நேரம் எனக்கும் கிடைக்கிறது. அப்போது எதுவும் பயமாக இல்லை. நீ இல்லாததுகூட.

போன வாரம் தெருமுனையில் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. மறுபடி ஸ்டார்ட் ஆகத் தாமதமானது. திரும்பி வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள். கையெல்லாம் மாவு. அடுப்பில் எதுவோ தீய்ந்துகொண்டிருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“வந்துட்டேன்மா,” என்றேன்.

“எறங்கு மொதல்ல,” என்றாள். நான் இறங்கும்வரை உள்ளே போகவில்லை.