குதிரையில் போன சுமதி அக்காவுக்கு

என் வாயாடி அக்காவுக்கு,

இங்கே இரண்டு நாளாக விடாத மழை. இரும்புலியூரில் நம் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, கணுக்கால் வரை தண்ணீர் நிற்கிறது. நீ இருந்திருந்தால் காலையிலேயே கவுன்சிலருக்குப் போன் போட்டு, அவர் எடுக்கும்வரை விட்டிருக்க மாட்டாய். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நிலா ஏழாவது வந்துவிட்டாள். என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். அரைப் பரீட்சை நெருங்குகிறது, லீவுக்கு எங்கே போகலாம் என்று இப்போதே கேட்கிறாள். அரைப் பரீட்சை லீவு என்று யார் சொன்னாலும் எனக்கு அந்த ஏலகிரி நாள்தான் ஞாபகத்துக்கு வருகிறது. உனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், இல்லையா?

விடியுமுன் தாம்பரத்தைத் தாண்டிவிட வேண்டும், பொழுது சாய்ந்ததும் திரும்பிவிட வேண்டும் என்று திட்டம் போட்டவள் நீ. "காலையில குதிரை, மத்தியானம் அருவி. ராத்திரி வூட்டுக்கு வந்து ரசம் சாதம். ஒரு நாளுக்கு இது போதும்," என்றாய். குதிரை என்றதும் நிலாவுக்காகச் சொல்கிறாய் என்றுதான் நானும் என் வீட்டுக்காரரும் நினைத்தோம். நம் குடும்பத்தில் யாரும் வேறு மாதிரி நினைத்திருக்க மாட்டார்கள். இரண்டு வயதில் வந்த போலியோவுக்குப் பிறகு உன் இடது கால் வளரவே இல்லை. இடுப்புக்குக் கீழே காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பர், வலது கையில் குச்சி. எந்த ஊருக்குச் சுற்றுலா போனாலும் நிழலாக ஓர் இடம் பார்த்து உன்னை உட்கார வைத்து, எல்லார் பையையும் செருப்பையும் உன்னிடம் கொடுத்துவிட்டுப் போவோம். நீயும் முகம் சுளிக்காமல் காவல் இருப்பாய். திரும்பி வந்ததும் யார் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்று திட்டுவாய்.

அன்றைக்கு ஏரிக்கரையில் நிலா ஒரு சுற்று போய் வந்து இறங்கியதும், "அடுத்தது நான்," என்றாய்.

குதிரைக்காரர் உன்னையும் குச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். வயதானவர், நல்ல மனிதர். "வேணாம்மா. கால்ல பிடிமானம் இல்லன்னா ஒரு பக்கமா சரிஞ்சிருவீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"பிடிமானம் இடுப்புலயும் கையிலயும்தான் அண்ணா. எனக்கு ரெண்டும் உங்களைவிடப் பலமா இருக்கு. வேணும்னா கைகுலுக்கிப் பாருங்க," என்று கையை நீட்டினாய். அவர் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். நீ அழுத்திய அழுத்தில் "யம்மா!" என்றவர், கையை உதறிக்கொண்டே கடிவாளத்தைப் பிடித்தார்.

காலிப்பரைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கரையிலிருந்த சிமெண்ட் பெஞ்சில் ஏறி உட்கார்ந்தாய். குதிரையைப் பெஞ்சை ஒட்டி நிறுத்தினார். அவர் ஒரு பக்கம், என் வீட்டுக்காரர் ஒரு பக்கம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நீ மேலே இருந்தாய். இரண்டு காலும் துப்பட்டாவின் மடிப்புக்குள் தொங்கின. எது எந்தக் கால் என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை.

"இது பேர் என்ன?"

"லட்சுமிம்மா."

"குதிரைக்கு லட்சுமியா? சரி வா லட்சுமி, போலாம்."

முதல் சுற்றில் கயிற்றை அவர் பிடித்திருந்தார். இரண்டாவது சுற்றில் நீ குனிந்து குதிரையின் காதில் ஏதோ சொன்னாய். என்ன சொன்னாய் அக்கா? அன்றைக்கே கேட்டேன், சிரித்துவிட்டாய். மூன்றாவது சுற்றில் அவர் கயிற்றை உன்னிடமே கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நடந்து வந்தார். லட்சுமி கொஞ்சம் வேகமெடுத்தது. அவர் பின்னாலேயே ஓட, நீ முதுகை நேராக நிமிர்த்திக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனாய். உன்னை அவ்வளவு உயரத்தில் நான் பார்த்ததே இல்லை. எப்போதும் என் தோளுக்குக் கீழே சாய்ந்துதானே நடப்பாய்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் பொரி பாக்கெட். உன் குதிரைக்கு முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்த்து, "மேடம், எங்க பாப்பாவுக்கு ஒரு ரவுண்டு குடுப்பீங்களா?" என்றாள்.

உன்னைக் குதிரைக்குச் சொந்தக்காரி என்று நினைத்துவிட்டாள்! நான் ஓடிவந்து விளக்கப் போனேன். நீ என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தாய் பார், அப்படியே நின்றுவிட்டேன். "சாரிம்மா, லட்சுமிக்கு இன்னிக்கு என்னைத் தவிர யாரையும் புடிக்கல. அதோ அந்தப் பழுப்புக் குதிரையைக் கேளுங்க," என்றாய். எவ்வளவு கூச்சமில்லாத பொய்! அந்தப் பெண்ணும் "ஓகே மேடம்" என்று மரியாதையாகப் போனாள்.

சுற்று முடிந்து பெஞ்சுக்கு வந்தபோது அங்கே கூட்டம் சேர்ந்திருந்தது. அந்தப் பெண்ணும் அங்கேதான் நின்றாள். நீ கடிவாளத்தை இழுத்தாய். "இங்க வேணாம்ணா. அந்த மரத்துக்குப் பின்னாடி போலாம்," என்றாய். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. காலிப்பரையும் குச்சியையும் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யூகலிப்டஸ் மரங்களுக்குப் பின்னால் ஓடினேன். அங்கே ஒரு பாறையை ஒட்டி உன்னை இறக்கினோம். லட்சுமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றபடி மூச்சு வாங்கினாய்.

"ஒருத்தரும் பாக்கலடி உமா," என்றாய்.

"இல்ல, யாரும் வரல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அதைச் சொல்லல. இவ்ளோ நேரமும் நடந்ததைச் சொல்றேன். ஒருத்தரும் என் காலைப் பாக்கல. எல்லாரும் மூஞ்சியைப் பாத்தாங்க."

நாற்பத்தைந்து வயதில் அதைச் சொன்னாய். பெண் பார்க்க வந்தவர்கள், நீ வேலை பார்த்த பேங்க்கில் கவுண்டருக்கு எதிரே நிற்கிறவர்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் பரிமாறுகிறவர்கள், எல்லார் கண்ணும் உன் முகத்துக்கு வந்து, உடனே கீழே இறங்கும். நீ எல்லாரையும் அதட்டி வாயடைக்கிறவள் என்பதால் உனக்கு அது பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கொண்டா இருந்தாய்?

மத்தியானம் மலையிறங்கிச் சுற்றிக்கொண்டு அருவிக்குப் போனோம். முன் வாரம் பெய்த மழையில் தண்ணீர் நன்றாகவே விழுந்தது. கீழே போகும் படியெல்லாம் ஈரம். என் வீட்டுக்காரர் கூச்சத்தோடு, "நான் தூக்கிட்டுப் போறேன் அக்கா," என்றார். "ரமேஷ், உன் முதுகுவலிக்கே நான்தான் தைலம் வாங்கித் தரேன். நகரு," என்று ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாய். சுடிதாரின் பின்பக்கமெல்லாம் சேறு. கேலியாகப் பார்த்த இரண்டு வாலிபர்களைப் பார்த்து, "ஏம்ப்பா, வழுக்குது, நீங்களும் உக்காந்து வாங்க," என்றாய். அவர்களில் ஒருவன் நிஜமாகவே உட்கார்ந்தான்.

தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தை ஒட்டி ஒரு தட்டைப் பாறை. வழக்கம்போல உன்னை உட்கார வைத்துப் பைகளை உன் பக்கத்தில் அடுக்கினேன். நீ நிதானமாகக் காலிப்பரின் வாரை அவிழ்த்தாய். அதை என் மடியில் வைத்தாய். குச்சியை அதன் மேல் வைத்தாய். வாட்ச்சைக் கழற்றி என் கையில் மாட்டிவிட்டாய்.

"இன்னிக்கு நீ பையைப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு, பாறையிலிருந்து சறுக்கித் தண்ணீருக்குள் போய்விட்டாய்.

நான் கத்திய கத்தலில் காவலுக்கு நின்றவர் விசிலை எடுத்துவிட்டார். உன் தலை முழுகியது. எனக்கு உயிரே போய்விட்டது. நிலாவோ இடுப்பளவு தண்ணீரில் நின்று கைகொட்டிச் சிரிக்கிறாள். "அம்மா! கத்தாதம்மா! பெரிம்மாவுக்கு நீச்சல் தெரியும்மா!"

கொஞ்சம் தள்ளி நீ எழும்பினாய். முகத்தில் ஒட்டிய முடியைத் தள்ளிவிட்டு, இரண்டு கைகளால் தண்ணீரை வாரி வாரிப் போட்டு, கயிறு கட்டிய எல்லை வரை போய்த் திரும்பினாய். விசில்காரர் விசிலை இறக்கிவிட்டு, "நல்லா நீந்துறாங்களே," என்றார் என்னிடம்.

ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் குன்றத்தூர் முருகனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் நீ. மலைக் கோயிலாயிற்றே என்று கேட்டதற்கு, கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்றாய். ஈரத் தலையோடு வந்தபோது, தலைக்குக் குளித்துவிட்டுப் போனேன் என்றாய். விபூதிகூடப் பூசிக்கொண்டு வருவாயே, பாவி! எல்லாம் பெண்கள் நீச்சல் வகுப்பு. நிலாவுக்கு மட்டும் தெரியும், அவளிடமும் சத்தியம் வாங்கி வைத்திருந்தாய். என்னிடம் ஏன் சொல்லவில்லை? வேண்டாம் என்று தடுத்திருப்பேன் என்றா? தடுத்துத்தான் இருப்பேன்.

அருவிக்கு அடியில் போய் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். தண்ணீர் உன் தோளில் விழுந்து சிதறியது. மற்றவர்கள் கூச்சல் போட்டார்கள், நீ மட்டும் பேசாமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாய். உன்னை அவ்வளவு அமைதியாக நான் தூக்கத்தில்கூடப் பார்த்ததில்லை. வெயிலில் காலிப்பர் என் மடியில் சுட்டது. அவ்வளவு கனம் அது. தினமும் அதை மாட்டிவிட்ட எனக்கு, அதன் கனம் அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பும்போது ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டோம், ரசம் சாதத் திட்டத்தை நீயே ரத்து செய்தாய். வண்டியில் உன் ஈரத் தலை என் தோளில். நீயும் தூங்கிவிட்டாய் என்று நினைத்தபோது, "அடுத்த வருஷம் இன்னும் பெரிய அருவியா பாரு," என்றாய். அடுத்த வருஷத்தின் ஆவணியிலேயே போய்விட்டாய். காலையில் காபி கேட்டாய், நான் டம்ளரோடு வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய். யாருக்கும் ஒன்றும் செய்ய நேரம் கொடுக்கவில்லை. எல்லாவற்றிலும் உனக்கு அவசரம்தான்.

உன்னைக் குளிப்பாட்டி முடித்ததும், இதை மாட்ட வேண்டுமா என்று காலிப்பரைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ கேட்டார்கள். வேண்டாம் என்றேன். நான் செய்தது சரிதானே அக்கா?

ஒரு சேதி சொல்ல வேண்டும். உன் ஸ்கூட்டரை, அந்தப் பக்கச் சக்கரம் வைத்த வண்டியை, இவ்வளவு நாளும் யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தேன். போன வாரம்தான் தீபா என்ற பெண்ணிடம் கொடுத்தேன். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் புதிதாக வேலை கிடைத்திருக்கிறது அவளுக்கு. விபத்தில் ஒரு கால் போனவள். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தாள். "யாரு வண்டிக்கா இது? அவங்க எப்டி இருப்பாங்க?" என்று கேட்டாள்.

சொல்ல வாயெடுத்தேன். போலியோ, பேங்க், கல்யாணம் ஆகவில்லை, ரொம்ப நல்ல மாதிரி. எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி வரிசையாக வந்து நின்றது. ஏனோ அதில் ஒன்றும் வெளியே வரவில்லை. "எங்கக்கா குதிரை ஓட்டுவா," என்றேன்.

"இன்னாக்கா சொல்றீங்க, குதிரையா?"

"ஆமா. நல்லா நீந்துவா. நெறைய பொய் சொல்லுவா."

தீபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "செம ஆளா கீறாங்களே!" என்றாள். இருந்தாங்க என்று சொல்லவில்லை, கவனித்தாயா? ஸ்கூட்டரைக் கிளப்பித் தெருமுனை வரை போனாள். பின்னால் இருந்து பார்த்தபோது நீதான் போகிறாய் என்று இருந்தது. கையைக்கூடத் தூக்கிவிட்டேன். திரும்பும்போது அவள் முகம் தெரிந்தது. கொஞ்ச நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன் அக்கா, உள்ளே வர முடியவில்லை.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். இனி யார் உன்னைப் பற்றிக் கேட்டாலும், தீபாவிடம் சொன்ன மாதிரிதான் ஆரம்பிப்பேன். கேட்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும். மற்றதெல்லாம் அப்புறம், நேரம் இருந்தால்.

உன் மடியில் வளர்ந்த,
உன்னிடம் இன்னும் திட்டு வாங்க ஏங்கும் தங்கச்சி
உமா