அப்பாவின் தலை

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்து எழுதுகிறேன்.

வாஸ்கென் சாரை உனக்கு நினைவிருக்குமே. ஆர்மீனியாவில் பூகம்பத்தில் வீடு போனபின் உளியோடு நம் ஊர் நாரினுக்கு வந்தவர். பகலில் நமக்கு ஓவியம் சொல்லித்தருவார், மாலையில் கல்லறைக் கற்களில் இறந்தவர்களின் முகம் செதுக்குவார். "இந்த ஊர்ல ஒருத்தன் செத்தாதான்மா என்னைத் தேடுறாங்க" என்று சிரிப்பார். உயிரோடிருக்கும் முகத்தை அவரிடம் யாருமே கேட்டதில்லை.

நான் செய்துவிட்டேன், அக்கா! களிமண்ணில் அப்பாவின் தலை! நாளை சார் அதை எடுத்துப்போய், உள்ளே குடைந்து, சுட்டு, பிஷ்கெக் கலைப்பள்ளிக்கு என் விண்ணப்பத்தோடு அனுப்புவார். இடம் கிடைத்தால் அங்கே உன்னோடுதான் இருப்பேன். அதுவரை அதன்மேல் சுற்றிய ஈரத்துணி காயக்கூடாது, காய்ந்தால் களிமண் வெடித்துவிடும்.

மாலையில் அப்பா கொட்டகையில் அதைப் பார்த்துவிட்டார்.

"உயிரோட இருக்கும்போதே எனக்குக் கல்லறைத் தலையா? விடியட்டும், ஆத்துல வீசுறேன்!"

"மூக்கு அச்சு அசல் நீங்கதான். காதுதான் பெருசு" என்றாள் அம்மா.

"என் காது அவ்ளோ பெருசாடி?"

கொட்டகைப் பக்கமே போகக்கூடாதாம். ஆனால் துணி காய்ந்திருக்குமே! நனைத்துவிட்டு வருகிறேன். மாட்டிக்கொண்டால் கடிதம் இதோடு நின்றுவிடும்.

வந்துவிட்டேன், அக்கா! துணி ஏற்கெனவே சொட்டச்சொட்ட நனைந்திருந்தது. விலக்கிப் பார்த்தேன். இரண்டு காதுகளும் அழுந்திச் சிறுத்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய கட்டைவிரல் ரேகை.

அந்தக் காதுகளைச் சாரையும் திருத்த விடமாட்டேன். உன் அறையில் எனக்கு இடம் ஒதுக்கி வை.

தூக்கமே வராத,
உன் தங்கை