ஐந்தாவது துணி நாய்

டிசம்பர் 2
இவரும் தடியனும் இருபது நிமிடத்தில் திரும்ப வேண்டிய மாலை நடை, இன்று ஒன்றரை மணி நேரம். தடியன் தட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோல்டன் ரெட்ரீவர் சோறு வேண்டாம் என்கிறதா! விட்டால் தட்டையும் சேர்த்து முழுங்குகிற ஜன்மம்.

"எங்கயாவது சாப்ட்டானா?"

"இல்லையே," என்றார் இவர், குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டே.

அச்சகத்தில் பத்தொன்பது வருடமாகப் பிழை பார்க்கிறவள் நான். அந்த 'இல்லையே' சரியில்லை.

டிசம்பர் 4
அக்காவிடம் போனில் சொன்னேன். "உனக்கு எதுதான்டி சரியா பட்டிருக்கு?" என்றாள். வைத்துவிட்டேன்.

டிசம்பர் 7
தடியன் வாயில் ஒரு பொம்மையோடு வந்தான். உள்ளங்கை அளவு துணி நாய், தலையில் சிவப்புத் தொப்பி, மாட்டித் தொங்கவிட ஒரு கயிறு. கிறிஸ்துமஸுக்கு வீடு அலங்கரிப்பார்களே, அது. ஒரு பல் தடம் இல்லை. இவன் இனமே அப்படி, முட்டையைக் கவ்வினாலும் ஓடு உடையாது.

"ரோட்ல கெடந்துச்சு," என்றார். ரோட்டில் கிடந்ததில் ஒரு பொட்டு அழுக்கு இல்லையாம். யாரிடம் காது குத்துகிறார்?

டிசம்பர் 9
என் இருமலுக்காக மறுபடியும் டாக்டரிடம் போனோம். என்னை மருந்து வாங்க அனுப்பிவிட்டு இவர் மட்டும் உள்ளே பத்து நிமிடம். கேட்டால், "சும்மா பேசிட்டிருந்தேன்." சும்மாவா? வீட்டில் என்னோடு பத்து நிமிடம் சும்மா பேசி எத்தனை நாளாகிறது?

டிசம்பர் 11
இவர்கள் பின்னாலேயே போனேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் போனேன்.

மூன்றாவது தெரு, பச்சை கேட். ஜன்னல் நெடுக விளக்குச் சரம், அதில் அதே தொப்பி நாய்கள். ஒருத்தி வெளியே வந்தாள். தடியன் அவள் மேல் தாவி, புரண்டு, தன் கயிற்றையே கவ்வி அவள் கையில் கொடுத்தான். முதல் தடவை பார்க்கிறவளிடமா இப்படி?

டிசம்பர் 12
தடுப்பூசி போடப் போன இடத்தில் நாய் டாக்டரிடம் பட்டும் படாமலும் கேட்டேன். "ஒருத்தரைப் பாத்து இவ்ளோ குதிச்சா, ரொம்ப நாள் பழக்கம்னுதானே அர்த்தம்?"

விழுந்து விழுந்து சிரித்தார். "கோல்டனாம்மா? திருடன் வந்தாலும் டார்ச்சைக் கவ்விக்கிட்டு முன்னால போவான். இவன் சாட்சி செல்லாது."

அப்பாடா. இவருக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதிரிப் பார்த்தார்.

டிசம்பர் 14
மனசு கேட்கவில்லை. தடியன் கவ்வி வந்த பொம்மையைத் திருப்பித் தருகிற சாக்கில் பச்சை கேட்டைத் தட்டினேன். அவளே தைத்து விற்கிறாளாம். கூடம் முழுக்கப் பஞ்சும் நூலும். சுவரில் வீட்டு ஆட்களுக்கு ஆளுக்கொன்றாகப் பெயர் தைத்த துணி நாய்கள். அவள், கணவர், இரண்டு பிள்ளைகள். ஐந்தாவது பெரிது, பொன்னிற நூல், இடது காதில், நம்மவனுக்கு இருப்பது போலவே, சின்ன வெட்டு. கீழே 'தடியன்'.

"இவன்... எப்படி இங்க?"

"அடுத்த வாரம் வந்துடுவானே! தினம் கொஞ்ச நேரம் பழகட்டும்னுதான் சார் கூட்டிட்டு வர்றார்." என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. "உங்ககிட்ட சொல்லலையா? நாய் முடி உங்க நுரையீரலுக்கு ஆகாதுன்னு டாக்டர் போன மாசமே..."

வீட்டுக்கு வந்து கத்தினேன். இவர் சொன்னது இதுதான்: "சொன்னா நீ இருமிக்கிட்டே கெடப்ப. அவனை விட மாட்ட. எனக்கு நீ வேணும்."

ஆமாம், விட்டிருக்க மாட்டேன்.

டிசம்பர் 15
வேறொருத்தி விவகாரமாகவே இருந்திருக்கலாம். சண்டை போட்டு ஜெயித்திருப்பேன்.

டிசம்பர் 20
அவளுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். வயிறு முட்டத் தின்றுவிட்டும் பட்டினி கிடந்தவன் மாதிரிப் பார்ப்பான், நம்பாதீர்கள். தண்ணீரைக் கண்டால் விழுவான். காதைத் துடைக்காவிட்டால் சீழ் வைக்கும். கவ்வி வந்ததைப் பிடுங்காதீர்கள், கையை நீட்டினால் தருவான். தனியாக மட்டும் விடாதீர்கள், உருகிப் போவான்.

கடைசியில் 'என்னைத் தேடுவான்' என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு, 'இரண்டு நாள் தேடுவான், பிறகு சரியாகிவிடுவான்' என்று எழுதி, இவர் கையில் கொடுத்தேன்.