லாரி ஆட்டத்துக்கு ஒரு சீட்டு

கோந்து பாட்டிலைத் திறந்தேன். அந்த வாசனையோடு நீயும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய், மாமே.

பூந்தமல்லி கேம் கடையிலிருந்து சிடியை வாடகைக்கு எடுத்து வருவாய். ஆடிப் பார்த்துவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, டப்பாவின் மேல் ஒட்டித் திருப்பிக் கொடுப்பாய். வாங்க வருகிறவர்கள் அட்டைப் படத்துக்கு முன் உன் சீட்டைத்தான் பார்ப்பார்கள். விளம்பரத்தை நீ நம்பியதே இல்லை. "டிவிய அணைச்ச அப்பாலயும் வாய் அடங்கலன்னா வாங்கலாம்" என்பாய்.

இன்று ஒட்டப்போகும் சீட்டு நான் எழுதியது. சிரிக்காதே.

நீ இருந்தவரை எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை. திரையில் வருவதை நீ படித்துச் சொல்வாய். நீ போன பிறகு ஒருநாள் கடைக்குப் போனேன். அலமாரி முழுக்க உன் எழுத்து. ஒன்றும் புரியாமல் நின்றேன். அடுத்த வாரமே வெள்ளானூரில் மாலை வகுப்பில் சேர்ந்தேன். மற்றவர்கள் பஸ் போர்டு படிக்க வந்திருந்தார்கள். நான் உன்னைப் படிக்க வந்தேன். எழுத்துக் கூட்டி முதலில் படித்த சீட்டு இது: 'சண்டை சூப்பர். கதை வெத்து. வாங்காதே.' கடையிலேயே கைதட்டிவிட்டேன். கடைக்காரப் பெண் மிரண்டுபோனாள்.

அந்த லாரி ஆட்டம் நினைவிருக்கிறதா? முத்தாபுதுப்பேட்டையில் உன் வீட்டு ஹாலில், நான் காலமெல்லாம் லாரி ஓட்டியவன் என்று ஜாய்ஸ்டிக்கை என் கையில் கொடுத்தாய். வண்டியை எடுத்து இடது பக்கமாகப் போனேன். எதிரே வந்த கார் நேராக மோதியது.

"டேய், கண்ணு தெரில?" என்று கத்தினேன்.

"யோவ், அந்த ஊர்ல வலது பக்கம்தான் ஓட்டணும். ராங் சைடுல போய்க்கினு அவன திட்டுறியே!"

"அப்ப ரோடு போட்டவன் ராங்கு."

பனி விழும் சாலை, பெயர் தெரியாத மரங்கள். யாரும் கைகாட்டி நிறுத்தவில்லை. எனக்குப் பிடித்துவிட்டது. உனக்குக் கொட்டாவி வந்தது.

"இன்னா கீது இதுல? ரோடு, அப்பால ரோடு. சம்பளம் வாங்கினு செஞ்ச வேலைய காசு குடுத்து செய்வியா? வேணாம் மாமே."

"அப்ப டயரப் பத்தியே கவல. இப்பதான்யா ரோட்ட பாக்குறேன்."

டீக்கடையில், ரேஷன் வரிசையில் எல்லாம் அந்தச் சண்டை தொடர்ந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, மூக்கில் குழாயோடு, வேண்டாம் என்று விரலை ஆட்டினாய். சீட்டு எழுதாமலே போய்விட்டாய்.

போன வாரம் கடைக்காரப் பெண் கேட்டாள்: "நைனா, அந்த லாரி சிடி ரெண்டு கீது. சீட்டு இல்லாம ஒருத்தரும் தொடமாட்றாங்க. நீயாவது எழுதிக் குடேன்."

இரண்டையும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். உன் மருமகள் கொடுத்த உன் கேம் பெட்டியில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். இன்னும் பிடித்தது. ஆனால் எழுத உட்கார்ந்தால் கை நின்றது. வேண்டாம் என்று எழுதினால் நான் பொய் சொல்கிறேன். வாங்கலாம் என்று எழுதினால், பார்க்கிறவர்கள் அதை நீ சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். மறுத்துப் பேச நீ இல்லை.

இல்லையென்றால், இவ்வளவு நேரம் நான் யாரோடு வாதாடிக்கொண்டிருந்தேன்? டிவியை எப்போதோ அணைத்துவிட்டேனே! அப்போதுதான், வாய் அடங்கலன்னா வாங்கலாம் என்ற உன் கணக்கிலேயே நீ மாட்டிக்கொண்டாய் என்று புரிந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

காலை முழுக்க எழுதி முடித்தேன்: 'என் சிநேகிதன் வேண்டாம் என்றான். அவனோடு இன்னும் பேசி முடியவில்லை. வாங்கலாம்.'

ஒரு டப்பாவில் கோந்து காய்கிறது. அது கடைக்குத் திரும்பும். மற்றதை நானே வாங்கிக்கொள்கிறேன். இப்போதும் வண்டியை எடுத்தால் என் கை இடது பக்கம்தான் போகிறது. "யோவ்" என்கிறாய். திருப்பிக்கொள்கிறேன்.