எட்டுகிற உயரத்துப் பொய்கள்

அக்கா,

நேற்று தாம்பரம் மார்க்கெட்டில் நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். இருமலுக்கு ஏதாவது கொடுங்கள் என்றதும், கடைக்காரர் அதிமதுரத்தை உரலில் போட்டு ஒரு தட்டு தட்டினார். அந்த வாசனையிலேயே இருமல் நின்றுவிட்டது. மருந்து வாங்காமல் திரும்பி வந்தேன். நம்ப மாட்டீர்கள். என்றைக்கு நம்பினீர்கள்?

மேடை ஏறும்முன் உங்கள் கன்னத்தில் ஒரு துண்டு அதிமதுரம் அடங்கியிருக்கும். பாடும்போது அது எங்கே போகும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் ஒன்பதாவது வரை படித்தேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லித்தர அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லை. மறைமலை நகரில் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. சனி ஞாயிறு உங்கள் மெல்லிசைக் குழுவில் அறிவிப்பாளர். இந்தப் பக்கத்தில் என்னைப்போல் மைக் பிடித்தவன் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நீங்களே சொல்லியிருக்கிறீர்கள், வேறு வார்த்தைகளில்.

ஊரப்பாக்கம் திருவிழாவில்தான் எல்லாம் ஆரம்பித்தது. உங்களோடு ஜோடிப் பாட்டுப் பாட வேண்டியவர் வந்த ரயில் வழியில் நின்றுவிட்டது. கூட்டம் விசிலடித்தது. நான் மைக்கை எடுத்து, ஆண் குரல், பெண் குரல் இரண்டையும் அக்காவே பாடுவார், சிங்கப்பூரில் இப்படிப் பாடித்தான் மெடல் வாங்கினார் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அதுவரை காஞ்சிபுரத்தைத் தாண்டியதில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். பிறகு இடது பக்கம் திரும்பி ஆணாகவும், வலது பக்கம் திரும்பிப் பெண்ணாகவும் பாடினீர்கள். அந்த ஆண் குரலைக் கேட்டு முன்வரிசைப் பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள்.

இறங்கி வந்து சொன்னீர்கள்: "டேய், பொய் சொல்லு, வேணாங்கல. எனக்கு எட்டுற உயரத்துல சொல்லு."

அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் அரையடி ஏற்றியே சொன்னேன். சரணம் முழுவதும் ஒரே மூச்சில் என்றேன், பாடினீர்கள். பாட்டுக்கு நடுவே நம் குழு போடுகிற நாடகத்தில் ஐந்து வேடமும் அக்காவே என்றேன். ராணியிலிருந்து பல் போன கிழவன் வரைக்கும் நீங்களே நடித்தீர்கள். சர்ச் பாடகர் குழுவிலிருந்து வந்த நீங்கள் சொந்தமாக ஒரு பாப் ஆல்பம் போடப் போவதாக நான் மைக்கில் உளறியபோது, உங்களுக்கு அந்த யோசனையே இல்லை. மறுவருடம் பல்லாவரம் ஷேர் ஆட்டோக்களில் உங்கள் பாட்டுதான் ஓடியது. அதே பல்லாவரத்து மேடையில், தலைக்கு மேலே விமானம் இறங்கும்போது மற்றவர்கள் பாட்டை நிறுத்திக் காத்திருப்பார்கள். நீங்கள் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். விமானத்தின் சக்கரம் தரையில் பட்ட பிறகும் அது நின்றது. யார் அந்தப் பாடகி என்று விமானி என்னைத் தேடி வந்து விசாரித்தார்.

அப்புறம் தைராய்டு ஆபரேஷன். கழுத்துக் கட்டி போயிற்று, கூடவே குரலும் போயிற்று. இப்படியும் ஆகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மிஞ்சியது காற்றும் கரகரப்பும்தான். வீட்டு வாசல் கேட்டை உள்பக்கம் பூட்டிக்கொண்டீர்கள். பாடகர் குழுப் பெண்கள் வந்தால் ஜன்னலிலிருந்தே கையசைத்து அனுப்பினீர்கள். எட்டு மாதம் அப்படியே போனது.

அந்த வருடம் நம் காலனியில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. அறிவிப்பு நான்தான். அக்கா இனிமேல் அவ்வளவுதானா என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொங்கல் விழாவில் இதே மேடையில் அக்காவின் புது நாடகம் என்று சொல்லிவிட்டேன். கைதட்டல் அடங்கவே இல்லை.

மறுநாள் காலை உங்கள் கேட்டுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டீர்கள். பாதி காற்றாகப் போன குரலில்,

"எவ்ளோ உயரத்துல சொல்லிட்டு வந்திருக்க?" என்றீர்கள்.

"இந்த வாட்டி கொஞ்சம் ஓவர்தான்க்கா. நானே போய் இல்லன்னு சொல்லிடறேன்."

"நாடகம் என்னன்னு சொன்னியா?"

"இல்லக்கா."

"நல்லவேளை" என்று பூட்டைத் திறந்தீர்கள்.

பொங்கலன்று மேடையில் நீங்கள் ஒருவர்தான். ரயில்வே கேட் ஓரத்தில் நாளெல்லாம் கூவிக் கூவித் தொண்டை போன பூக்காரி. கையில் கூடைகூட இல்லை. நீங்கள் பேச ஆரம்பித்ததும் பின்னாலிருந்து, சவுண்டை ஏத்துப்பா என்று கத்தினார்கள். நான் மைக்செட்காரரிடம் ஓடினேன். நீங்கள் வேடம் கலையாமல் மேடை ஓரத்துக்கு வந்து குனிந்து சொன்னீர்கள்: "ஏத்தாத. இறக்கச் சொல்லு."

தலையில் அடித்துக்கொண்டு இறக்கச் சொன்னேன். முதலில் முன்வரிசை அடங்கியது. அவர்கள் திரும்பிப் பார்த்து முறைத்ததில் அடுத்த வரிசை அடங்கியது. ஓரத்தில் கரும்பு ஜூஸ்காரர் தானாகவே மிஷினை நிறுத்தினார். கடைசி நாற்காலிவரை எல்லோரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதியில், மல்லி, மல்லி என்று நீங்கள் கூவினீர்கள். பாதியில் உடைந்து, அந்தப் பூக்காரியின் காலடியிலேயே விழுந்துவிடுகிற குரல். யாருமே வாங்கவில்லை. மறுபடி கூவினீர்கள்.

நாலாவது வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து நடந்து வந்தார். நான் ஏற்பாடு செய்த ஆள் இல்லை. கர்த்தர் மேல் ஆணை. மேடைக்குக் கீழே நின்று கையை நீட்டி, "ரெண்டு முழம் குடும்மா" என்றார். நீங்கள் வெறும் காற்றை முழங்கையில் வைத்து அளந்தீர்கள். இரண்டாவது முழத்தைக் கொஞ்சம் தாராளமாக அளந்து, கிள்ளிக் கொடுத்தீர்கள். அவர் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

யாரும் சிரிக்கவில்லை, அக்கா.

அந்தக் குரலோடேயே இன்னும் ஆறு வருடம் நடித்துவிட்டு, போன தவக்காலத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். நான் போகிற கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு மைதானத்தில் இருந்தது இருநூறு நாற்காலி. கோவிலம்பாக்கத்தில் சொன்னபோது கூட்டம் இரண்டாயிரம் ஆனது. போன வாரம் எட்டாயிரத்தைத் தொட்டுவிட்டது, மந்திரி ஒருவரும் வந்துவிட்டார். ஆனால் அந்த அம்மாள் கை நீட்டுகிற இடம் வந்ததும் என் வாய் தானாக நிதானத்துக்கு வந்துவிடுகிறது. அங்கே மட்டும் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். அதில் சேர்க்க என்னிடம் ஒன்றும் இல்லை. முயன்று பார்த்துவிட்டேன்.